மேடையிலும் கூடத்திலும்

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக அழகிப் போட்டிக்கு ஹைதராபாத் நகரம் இடம் தந்தது. முஹம்மது குலீ குதுப் ஷாஹ் எழுப்பிய சார்மினாரின் நிழலிலே பல நாட்டுப் பெண்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டனர். லாட் பஜாரின் வளையற் கடைகளைச் சுற்றி வந்தனர். அதே நாட்களில் ராமப்பா கோயிலுக்கு அழைத்துச் செல்லப்பட்ட அழகிகளின் கால்களில் உள்ளூர்ப் பெண்கள் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்ட காட்சியை நாடே கண்டது. விருந்தோம்பல் என்றனர் சிலர். இழிவு என்றனர் பலர். ஒருத்தி அழகி என்று தீர்ப்பாகிவிட்டால் மற்றவள் எங்கே உட்காரவேண்டும் என்பதை அக்காட்சி சொல்லாமற் சொல்லிற்று என்றே நமக்குப் பட்டது.

இப்போட்டிகள் பெண்மையைப் போற்ற எழுந்தவை என்று கூறுவோர் அவற்றின் பிறப்பைச் சற்றே பார்க்கட்டும். அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் கோடை முடிந்ததும் ஊர் திரும்பிவிடும் உல்லாசப் பயணிகளை இன்னும் சில நாட்கள் தங்கவைக்க வணிகர்கள் கண்ட உபாயமே 1921இல் தொடங்கிய அமெரிக்க அழகிப் போட்டி. 1951இல் லண்டனில் எரிக் மோர்லி என்பவர் நடத்திய 'பிகினி' உடைப் போட்டியே உலக அழகிப் போட்டியாயிற்று. நடனக் கூடங்களை நடத்திவந்த அவருடைய கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? 'மெக்கா'! எதற்கு எப்பெயர் சூட்டுவது என்ற கூச்சம் வியாபாரிக்கு எப்போதுமே இருந்ததில்லை.

அதே காலத்தில் அமெரிக்க அழகியாக முடிசூட்டப்பட்ட யோலாண்டே பெட்பீஸ் என்ற பெண், இனி நீச்சலுடையில் பொதுமக்கள்முன் நிற்கமாட்டேன் என்று மறுத்துவிட்டார். நீச்சலுடை தயாரிக்கும் காட்டலினா கம்பெனி என்ன செய்தது? அப்போட்டிக்குத் தந்த ஆதரவை விலக்கிக்கொண்டு 1952இல் தானே பிரபஞ்ச அழகிப் போட்டியைத் தொடங்கிவிட்டது. ஒரு பெண் 'மாட்டேன்' என்று சொன்னதற்கு வியாபாரம் அளித்த விடையே அந்த மகுடம்.

நம் நாட்டின் கதையும் வேறன்று. மருத்துவ மாணவியான ரீட்டா ஃபாரியா 1966இல் உலக அழகியானார்; ஓராண்டு கழிந்ததும் அந்தப் பகட்டை உதறிவிட்டுப் படிப்பை முடித்து மருத்துவராகவே வாழ்ந்தார். அவரை நாம் பழிக்கமாட்டோம். அதன்பின் 28 ஆண்டுகள் அவ்விரு பட்டங்களில் ஒன்றும் இந்தியப் பெண் எவருக்கும் கிட்டவில்லை. 1991இல் நாட்டின் சந்தை அந்நியக் கம்பெனிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. 1994இல் சுஷ்மிதா சென், ஐஸ்வர்யா ராய் என ஒரே ஆண்டில் இரு மகுடங்கள்! 2000ஆம் ஆண்டு முடிவதற்குள் மொத்தம் ஆறு. பின்னர் 2017வரை ஒன்றுமில்லை. இந்திய நாட்டுப் பெண்கள் திடீரென்று அழகாகி, திடீரென்று அழகிழந்தார்களா? அழகு சாதன வியாபாரத்துக்கு இங்கே கடை விரிக்கவேண்டிய காலமும் மகுடங்கள் வந்த காலமும் ஒன்றாயிருந்ததைத் தற்செயல் என்று நம்புவோர் நம்பட்டும். நாம் நம்பவில்லை.

அந்த மகுடங்கள் நம் இளம்பெண்களுக்குக் கற்பித்தது என்ன? கண்ணாடியின்முன் நிற்கும் பதினான்கு வயதுச் சிறுமி தன் முகத்தைத் தன் உம்மாவின் சாயலாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, பிறர் இடும் மதிப்பெண்ணாகப் பார்க்கத் தொடங்கினாள். 1975இலேயே இந்நாட்டில் விற்பனைக்கு வந்துவிட்ட 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு, கறுப்பை ஒரு நோயாகவே காட்டி வளர்ந்தது. 2020இல் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் நீக்கப்பட்டது. உள்ளத்தில் ஊறிய நஞ்சை நீக்க எக்கம்பெனியும் முன்வரவில்லை. வாலிபரும் தப்பவில்லை. படித்த பிள்ளை, ஐவேளை தொழும் பிள்ளை, மணப்பெண் என்றதும் திரையில் கண்ட முகத்தையே தேடுகிறான்.

நம்மவர் பலர் இப்போட்டியை எதிர்ப்பது உடையை மட்டும் கருதியே. அது போதாது. 2014இல் உலக அழகிப் போட்டியினர் நீச்சலுடைச் சுற்றையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டனர். இனி நம் ஆட்சேபம் தீர்ந்ததா? 2013இல் இந்தோனேசியாவின் பாலித் தீவில் உலக அழகிப் போட்டி நடந்தபோது, அதற்கு மாற்றாக ஜகார்த்தாவில் முக்காடிட்ட பெண்களுக்கென்றே ஒரு போட்டி நடத்தப்பட்டது. குர்ஆன் ஓதும் திறனும் அங்கே சோதிக்கப்பட்டதாம்! நோக்கம் நல்லதாயிருக்கலாம். ஆனால் வரிசையில் நிறுத்தி, மதிப்பிட்டு, ஒருத்திக்கு முடிசூட்டி, ஏனையோரைத் தோற்றவராக்கி அனுப்பும் அந்தத் தராசு அப்படியே இருந்தது. தராசின்மேல் துணி போர்த்தினால் அது தராசு இல்லையென்று ஆகிவிடாது.

எதிர்ப்பின் பெயரால் நடந்த கொடுமையையும் மறைப்பதற்கில்லை. 2002 நவம்பரில் நைஜீரியாவில் இப்போட்டி நடக்கவிருந்த வேளையில், நபிகள் நாயகத்தை (ஸல்) இழிவுபடுத்தும் ஒரு வரியை நாளேடு ஒன்று வெளியிட்டது. கடூனா நகரில் மூண்ட கலவரத்தில் இருநூறு பேருக்குமேல் மாண்டனர். போட்டியோ லண்டனுக்கு மாறிச் சென்று சிறப்பாகவே நடந்து முடிந்தது! மாண்டவர்கள் எவரும் அம்மேடையில் ஏறியவரல்லர். இதை மார்க்கப் பற்று என்று நம்மால் எழுதமுடியாது.

1996 நவம்பரில் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது எழுந்த எதிர்ப்பில் மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தார். அந்நாட்களில் நமதூரில் கூடிய கண்டனக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் குரல் தழுதழுக்கப் பேசினார். பெண்ணைச் சந்தைப் பொருளாக்காதீர் என்றார். கேட்டவர் கண் கலங்கினர், நாமும் கலங்கினோம். சில வாரங்கள் சென்றன. அவர் தம் மகனுக்குப் பெண் பார்க்கச் சென்றார். கூடத்தில் பாய் விரித்து, தட்டில் தேநீர் கொண்டுவந்த பிள்ளையை அவர் வீட்டுப் பெண்கள் ஏற இறங்கப் பார்த்தனர். நடக்கச் சொல்லிப் பார்த்தனர். முக்காட்டை விலக்கிக் கூந்தலின் நீளமும் பார்த்தனர். "பிள்ளை நல்ல பிள்ளைதான், நிறம் கொஞ்சம் மட்டு" என்று விடை வந்தது. அவ்வூரில் அது அவளுக்கு ஐந்தாவது முறை.

மணம் பேசும் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. அது இருவர் மனம் ஒப்புவதற்காக. ஒரு குடும்பமே திரண்டு சென்று ஒரு குமரை மதிப்பிட்டுவிட்டு, தின்ற பண்டத்துக்கு நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து வருவதற்கு எங்கே அனுமதி? மேடை ஏறும் பெண்ணாவது தானே விரும்பி ஏறுகிறாள். கூடத்துக்கு வரும் நம் பிள்ளையை யார் கேட்டார்கள்?

அழகற்றவர் என்று பலராலும் ஒதுக்கப்பட்டிருந்த ஜுலைபீப் (ரலி) அவர்களுக்காக நபிகள் நாயகம் (ஸல்) தாமே பெண் கேட்டார்கள். பெற்றோர் தயங்கியபோது, கேட்டவர் யார் என்பதை அறிந்து சம்மதம் சொன்னவள் அந்தப் பெண்தான். இவ்வரலாற்றை நம் மேடைகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்! அந்தப் பெரியவரே அழகாகச் சொல்லுவார்.

அவர் பார்த்துவிட்டு வந்த சம்பந்தம் முறிந்துவிடவில்லை. பெண்ணின் வாப்பா இருந்த தோப்பை விற்று இருபது பவுன் கூடுதலாகப் போடுவதாகச் சொல்லியனுப்பினார். நிறம் அதன்பின் ஒரு குறையாகப் பேசப்படவில்லை. நிக்காஹ் நாளில் அந்தப் பெரியவரை வாழ்த்திவிட்டு விருந்துண்டு வந்தவர்களில் நாமும் ஒருவர்.