பந்து வீசுபவன் யாருடைய உடைமை?

கிரிக்கெட் பற்றி இந்நாட்டில் நிகழும் விவாதங்களில் இரு குரல்கள் ஓயாது ஒலிக்கின்றன. ஒன்று, நடுவரைக் குற்றஞ்சாட்டும் குரல். மற்றையது, காசுக்காக நாட்டைக் கைவிட்டான் எனப் பந்துவீச்சாளனைக் குற்றஞ்சாட்டும் குரல். இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே வாயிலிருந்தே பிறக்கின்றன. நடுவர் ஒருவரின் பிழையான தீர்ப்பினால் வீரனுக்கு அநீதி நேருமிடத்துக் கொதித்தெழும் அதே ரசிகன், அவ்வீரனின் உழைப்பின் மீது நிருவாகம் கொண்டாடும் உடைமையுரிமையை எவ்விதக் கேள்வியுமின்றி ஏற்றுக்கொள்கிறான். முதலாவது கோபம் நியாயமானது. இரண்டாவது கோபமோ அநீதி இழைப்பவனை விட்டு அநீதிக்கு ஆளானவன் மீது பாய்வதாகும்.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையில், வஸ்கமுவ தேசிய வனத்தை அடுத்துக் கிடக்கும் வில்கமுவவை உதாரணமாகக் கொள்ளலாம். நெல்லை நம்பிய பிரதேசம் அது. விளைந்த வயலை யானைகளிடமிருந்து காக்க இரவெல்லாம் கண்விழித்திருக்க வேண்டிய உழவர்கள் அங்கு வாழ்கின்றனர். விளைச்சலின் விலை தம் கையில் இல்லை என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் அவர்கள். நெல்லை யாருக்கு, எவ்விலைக்கு விற்பது என்ற உரிமைக்காக வாதிடும் அத்தகைய உழவன், ஹெட்டிப்பொலவின் தேநீர்க்கடை வாங்கிலே அமர்ந்து கிரிக்கெட் பேசத் தொடங்கியதும் வேறொருவனாகி விடுகிறான். இந்தியாவின் ஐ.பி.எல். போட்டிக்குச் சென்ற பந்துவீச்சாளன் துரோகி. தடைவிதித்த சபை நாட்டைக் காத்த சபை. நெல்லுக்கு ஒரு நியாயம், தோளுக்கு வேறொரு நியாயம்! இது வில்கமுவவுக்கு மட்டும் உரிய முரண்பாடன்று. யாழ்ப்பாணத்து வாசிகசாலையிலும் கொழும்பின் அலுவலகத்திலும் இதே முரண்பாடு நிலவுகிறது. ஆயினும் உழைப்பின் விலையை அன்றாடம் உணரும் ஓர் ஊரில் இது காணப்படுவதே ஆழ்ந்து நோக்கத்தக்கது.

விசுவாசம் பற்றிய பேச்சை முதலில் ஆராய்தல் தகும். வில்கமுவ அமைந்துள்ள அதே மாத்தளை மாவட்டத்தில், 2001 ஆம் ஆண்டு தம்புள்ளை மைதானத்தில் முதலாவது சர்வதேச ஒருநாள் போட்டி நடைபெற்றது. பத்தொன்பது ஆண்டுகளின் பின், 2020 இல் லங்கா பிரிமியர் லீக் ஆரம்பமாகியபோது தம்புள்ளையின் பெயரில் ஓர் அணியும் உருவாயிற்று. அவ்வாண்டின் போட்டிகள் அனைத்தும் ஹம்பாந்தோட்டையிலேயே நடைபெற்றன. தம்புள்ளை அணி தம்புள்ளை மண்ணை மிதிக்கவேயில்லை. 2020 இல் ‘வைக்கிங்’ என்றிருந்த அவ்வணி 2021 இல் ‘ஜயன்ட்ஸ்’ ஆனது. 2022 இல் ‘ஓரா’ ஆனது. 2024 இல் ‘தண்டர்ஸ்’ ஆனது. அவ்வாண்டே அணியின் உரிமையாளர்களுள் ஒருவர் ஆட்டநிர்ணயக் குற்றச்சாட்டில் கைதானதைத் தொடர்ந்து உரிமை இரத்துச் செய்யப்பட, போட்டி தொடங்குமுன்னரே அது ‘சிக்சர்ஸ்’ ஆக மாறிற்று. ஐந்தாண்டுகளுள் ஐந்து பெயர்கள்! பெயரையும் முதலாளியையும் சட்டையைப் போல் மாற்றும் அணியிடம் எவரும் விசுவாசம் கோருவதில்லை. அதில் ஒரு பருவம் பந்து வீசிய இளைஞன் மறு பருவம் வேறோர் அணிக்குச் சென்றால் மட்டும் விசுவாசம் நினைவுக்கு வருகிறது.

இனி நடுவர் விடயத்தை நோக்கலாம். 1995 டிசெம்பர் 26 ஆம் திகதி மெல்பேர்ண் மைதானத்தில், நடுவர் டெரல் ஹெயார் மூன்று ஓவர்களுள் ஏழு தடவை முத்தையா முரளிதரனின் பந்தைப் பிழையானதென அறிவித்தார். 1996 ஜனவரியில் பிரிஸ்பேனிலும், 1999 ஜனவரியில் அடிலெயிட்டிலும் நடுவர் ரோஸ் எமர்சன் அதே தீர்ப்பை வழங்கினார். அடிலெயிட்டில் அர்ஜுன ரணதுங்க தம் அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று எதிர்ப்புக் காட்டியதை இந்நாடே போற்றியது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குரலில் பேசிய அரிய வேளைகளுள் அதுவும் ஒன்று. அக்கோபம் வீண்போகவில்லை. விஞ்ஞான முறையில் அளந்து பார்த்தபோது, ஏறத்தாழ எல்லாப் பந்துவீச்சாளரின் முழங்கையும் ஓரளவு நிமிர்கிறது என்பது வெளியாயிற்று. 2005 முதல் அனைவருக்கும் பொதுவாக 15 பாகை என்ற அளவு விதிக்கப்பட்டது. முரளிதரன் 2010 இல் காலியிலே 800 ஆவது விக்கெட்டுடன் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். நடுவரின் தீர்ப்பை மறுபரிசீலனைக்கு உட்படுத்தும் முறையும் 2008 இல், இந்திய அணி இலங்கைக்கு வந்தபோது, கொழும்பிலேயே முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது.

இதன் பொருள் யாது? கண்ணால் கண்டதைக் கணப்பொழுதில் கூற வேண்டிய நடுவரின் அதிகாரத்துக்கு அளவுகோலும் மேன்முறையீடும் வந்துவிட்டன. ஆனால் ஆற அமர அறையிலிருந்து ஒரு வீரனின் பிழைப்பைத் தீர்மானிக்கும் நிருவாகத்துக்கு அத்தகைய கடிவாளம் இடப்படவில்லை. 2022 ஜனவரியில் ஸ்ரீ லங்கா கிரிக்கெட் நிறுவனம் சில விதிகளை அறிவித்தது. ஓய்வுபெற விரும்பும் வீரன் மூன்று மாத முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும். ஓய்வுபெற்று ஆறு மாதம் கழிந்த பின்னரே வெளிநாட்டுத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடுவதற்கான ஆட்சேபனையின்மைச் சான்றிதழ் வழங்கப்படும். லங்கா பிரிமியர் லீக்கில் ஆட வேண்டுமாயின் உள்ளூர்ப் பருவத்தின் ஆட்டங்களுள் 80 வீதத்தில் ஆடியிருத்தல் வேண்டும். முன்னறிவித்தல் எத்தொழிலுக்கும் பொருந்தும். அதைக் குறைகூற இடமில்லை. ஆறு மாதக் காத்திருப்போ வேறு வகையினது. வேலையை விட்டு விலகியவனை, முன்னைய எசமான் சம்பளமும் கொடாது வேறிடத்தில் வேலை செய்யவும் விடாது நிறுத்திவைப்பதற்குத் தொழிற்சங்க மொழியில் என்ன பெயர் என்பதை ரசிகனே கூறட்டும். விதியை வகுப்பதும் சான்றிதழை வழங்குவதும் மறுப்பதும் ஒரே கை. வழக்காளியே நீதிபதியாக அமரும் மன்றம் இது. ஆட்டமிழப்புக்கு மேன்முறையீடு உண்டு, வாழ்விழப்புக்கு இல்லை.

‘நாடு’ என்ற சொல்லே இவ்வதிகாரத்தின் கவசம். அக்கவசத்தின் இயல்பை 2023 நவம்பர் மாத நிகழ்ச்சிகள் புலப்படுத்தின. நிருவாகத்தை நீக்க விளையாட்டுத்துறை அமைச்சர் முற்பட்டார்; பாராளுமன்றமும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மறுநாளே சர்வதேச கிரிக்கெட் பேரவை, அரசாங்கத் தலையீட்டைக் காரணங்காட்டி இலங்கையின் அங்கத்துவத்தை இடைநிறுத்தியது. 2024 ஜனவரியிலேயே தடை நீங்கியது. பாராளுமன்றம் கேள்வி எழுப்பும்போது கிரிக்கெட் நிருவாகம் தன்னாதிக்க அமைப்பாகி விடுகிறது. பந்துவீச்சாளன் விடுதலை கேட்கும்போது மட்டும் அது தேசமாகி விடுகிறது. இவ்விரு வேடங்களையும் ஒருங்கே அணிய எந்த நிறுவனத்துக்கும் அருகதை இல்லை.

பந்துவீச்சாளனின் மூலதனம் அவனது உடல். முதுகெலும்பும் முழங்காலும் தோளும் தேய்ந்துகொண்டே செல்லும் தொழில் வேகப்பந்துவீச்சு. லசித் மாலிங்க 2011 ஏப்ரலில், முழங்காலின் நிலையைக் காரணங்காட்டி, 30 டெஸ்ட் ஆட்டங்களுடன் அவ்வகை ஆட்டத்திலிருந்து விலகினார். ஐ.பி.எல். பணத்துக்காக நாட்டை விற்றார் என்ற ஏச்சு அவரைத் தொடர்ந்தது. 2018 ஜனவரி ஏலத்தில் அவரை வாங்க எவ்வணியும் முன்வரவில்லை. உடல் வலுவாயிருக்கும்வரை கேட்கும் ‘பேராசை’ என்ற வசை, உடல் தளர்ந்து சந்தை கைவிட்டபோது இரக்கமாக மாறியதாகத் தெரியவில்லை. முரளிதரனின் கதையும் இதற்குச் சான்று. 2008 இல் சென்னை அணி அவரை ஆறு இலட்சம் டொலருக்கு வாங்கியது. 2011 இல் மீண்டும் ஏலத்தில் நிறுத்தப்பட்டுக் கொச்சிக்குச் சென்றார். அவ்வணி ஒரே பருவத்தில் கலைக்கப்பட, 2012 இல் பெங்களூருக்கு விற்கப்பட்டார். சென்னையை அவர் விட்டுச் சென்றாரா, சென்னை அவரை விட்டதா? ஏலத்திலும் விடுதலை இல்லை என்பதற்கு இதுவே போதிய சான்று. ஒருபுறம் சபையின் கட்டு. மறுபுறம் முதலாளியின் சுத்தியல். இரண்டுக்கும் இடையே நிற்பவனுக்குப் பேசும் உரிமை வேண்டும்.

இவ்வுரிமை எவ்வாறு வென்றெடுக்கப்பட்டது என்பதற்கு அமெரிக்காவின் பேஸ்போல் வரலாறு பாடமாகும். ஒப்பந்தம் முடிந்த பின்னரும் வீரனைத் தன்னிடமே இருத்திவைக்க அங்கு ஒவ்வோர் அணிக்கும் உரிமை இருந்தது. 1969 இல் சென். லூயிஸ் அணி தம்மைப் பிலடெல்பியாவுக்குக் கைமாற்றியபோது, கேர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரர் செல்ல மறுத்தார். தாம் வாங்கி விற்கப்படும் பண்டம் அல்லர் என வழக்குத் தொடுத்தார். 1972 இல் உயர்நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர் தோற்றார், அவரது வாதம் தோற்கவில்லை. 1975 இல் அன்டி மெஸர்ஸ்மித், டேவ் மக்னலி என்ற இரு பந்தெறிவோர் புதிய ஒப்பந்தத்தில் ஒப்பமிடாமலே ஒரு பருவத்தைத் தொடங்கி, தாம் விடுதலை பெற்றோம் என முறையிட்டனர். நடுத்தீர்ப்பாளர் பீற்றர் சைற்ஸ் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். அணி உரிமையாளர்கள் உடனடியாக அவரைப் பதவிநீக்கினர். தீர்ப்போ நிலைத்தது. 1976 இன் உடன்படிக்கை, ஆறாண்டு சேவையின் பின் வீரன் சுதந்திரன் என்ற ஒழுங்கை நிறுவியது. ஆட்டமே அழிந்துவிடும் என்ற ஓலம் பொய்த்தது. 1976 இல் ஏறத்தாழ 51,000 டொலராயிருந்த சராசரி ஆண்டுச் சம்பளம் 1980 இல் 143,000 டொலரைக் கடந்தது.

அங்கும் நடுவர்கள் தவறினர். 2010 இல் அர்மாண்டோ கலறாகா என்ற பந்தெறிவோன் இருபத்தாறு பேரைத் தொடர்ச்சியாக வீழ்த்திய பின், இருபத்தேழாமவர் விடயத்தில் நடுவர் ஜிம் ஜோய்ஸ் தவறாகத் தீர்ப்பளிக்க, பூரண ஆட்டம் என்ற பெரும்பேறு கைநழுவியது. விரிவான மறுபரிசீலனை முறை 2014 இலேயே அங்கு நடைமுறைக்கு வந்தது. உழைப்பவனின் விடுதலையை முதலிலும் நடுவரின் திருத்தத்தைப் பின்னரும் அடைந்தது அந்நாடு. இங்கோ நடுவரைத் திருத்திய மனநிறைவில் உழைப்பவன் மறக்கப்பட்டான்.

மறுதரப்பின் வாதங்களைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. சிறிய நாடு, வளமான அந்நியச் சந்தையின் முன் தன் வீரரை இழந்துவிடும் என்பர். இவ்வச்சம் பொய்யன்று. ஆனால் அதற்கான மருந்து விலங்கன்று. குறித்த ஆண்டுகள் நாட்டுக்கு ஆடும் கடப்பாடு, அக்காலத்துக்குத் தகுந்த ஊதியம், வீரனை உருவாக்கிய பாடசாலைக்கும் கழகத்துக்கும் அந்நிய அணி செலுத்தும் ஈட்டுத்தொகை என்பன அதற்கான வழிகள். 1982 இல் இனவொதுக்கல் நிலவிய தென்னாபிரிக்காவுக்குப் பணத்துக்காகச் சென்ற இலங்கை அணியைச் சுட்டிக்காட்டி, பணத்தை நம்பலாகாது என்பாரும் உளர். அப்பயணம் கண்டிக்கத்தக்கதே. கறுப்பின மக்களை மிதிக்கும் ஆட்சிக்கு மதிப்புத் தேடிக் கொடுத்தமையே அதன் குற்றம். சபையின் உடைமை களவுபோயிற்று என்பது அதன் குற்றமன்று. ஒழுக்கத்தின் பெயரால் எழும் தடையையும் உடைமையின் பெயரால் எழும் தடையையும் ஒன்றாக்குவது சிந்தனைச் சோம்பலாகும்.

ஆதலின் ரசிகனின் கோபம் திசை திரும்புதல் வேண்டும். சபைக்கும் வீரனுக்கும் பொதுவான, இரு தரப்பாலும் நீக்கமுடியாத நடுத்தீர்ப்பு மன்றம் ஒன்று; ஒப்பந்தம் முடிந்தால் உரிமையும் முடியும் என்ற எழுத்து விதி; காயமுற்றவனுக்குக் காப்புறுதி. ரணதுங்க எல்லைக்கோட்டில் நின்றபோது கைதட்டிய மக்கள் கேட்க வேண்டியவை இவை. வில்கமுவவின் வறண்ட வயலில் டென்னிஸ் பந்தை வேகமாக எறியும் சிறுவன் நாளை தேசிய அணிக்குத் தெரிவாகலாம். அவன் தந்தை ஒரு போகத்து நெல்லை விற்பதற்கு எவரிடமும் ஆட்சேபனையின்மைச் சான்றிதழ் பெற வேண்டியதில்லை. மகனின் தோளுக்கும் அந்த நியாயம் வேண்டும். அதை மறுப்பவன் எத்தனை கொடிகளை அசைத்தாலும் அச்சிறுவனின் ரசிகன் ஆகான். அவனை உடைமையாகக் கொண்டவர்களின் காவற்காரனே ஆவான்.