கைப்பேசிக்கும் ஒரு தவக்காலம்



விஞ்ஞானம் நமக்கு அளித்த கொடைகளுள் கைப்பேசியும் ஒன்று. பிரான்சு நாட்டிலிருக்கும் என் மாமாவின் முகத்தைப் பாட்டி ஞாயிறுதோறும் அதில்தான் காண்கிறார். எங்கள் வீட்டுப்பாடமும் சில நாட்களில் அதில்தான் வருகிறது. ஆகவே, அதைச் சாத்தானின் கருவி என்று தூற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை. அதற்கு ஓய்வு கொடுக்க நம்மால் முடிகிறதா, அந்த ஓய்வால் யாருக்குப் பயன் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் தினமும் இரவில் செபமாலை சொல்வது வழக்கம். அருள்நிறை மந்திரத்தின் முற்பகுதியை ஒருவர் சொல்ல, பிற்பகுதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்ல வேண்டும் அல்லவா? சென்ற ஆண்டு ஓர் இரவு, நான் கூடத்தின் மூலையில் இன்ஸ்டாகிராமில் மூழ்கியிருந்தேன். அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கையிலும் கைப்பேசி. திடீரென்று என் காதில் ஒன்று உறைத்தது. பாட்டி முற்பகுதியைச் சொல்லிவிட்டு, பிற்பகுதியையும் தாமே சொல்லிக்கொண்டிருந்தார்! எத்தனை நாட்களாக அப்படிச் சொல்கிறார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இந்த ஆண்டு தவக்காலம் வந்தது. 2020 ஆம் ஆண்டு சாம்பல் புதனன்று திருத்தந்தை பிரான்சிஸ், தவக்காலத்தில் தொலைக்காட்சியை நிறுத்தித் திருவிவிலியத்தைத் திறக்கவும், கைப்பேசியின் தொடர்பை விட்டு நற்செய்தியோடு தொடர்பு கொள்ளவும் அழைப்பு விடுத்தார். அதை மறைக்கல்வி வகுப்பில் கேட்டதும் நானும் முடிவு செய்தேன். ஆனால் செய்தது என்ன தெரியுமா? "இன்று முதல் கைப்பேசிக்கு விடுமுறை" என்று ஸ்டேட்டஸ் போட்டேன். அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அன்றே பத்து முறை எடுத்துப் பார்த்தேன்! நோன்பிருப்பதைப் பிறருக்குக் காட்டிக்கொள்ளாதே என்று ஆண்டவர் சொன்னது எனக்காகவே போலும்.

அதன்பின் உண்மையாகவே கைப்பேசியை வைத்துவிட்டேன். மிச்சமான நேரத்தில் தூங்கினேன். பெருமையாகப் பாட்டியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "ஒருசந்தி இருந்து மிச்சமாகிற அரிசியை இல்லாதவங்களுக்குக் கொடுக்கணும்மா. பானையிலேயே வச்சுக்கிட்டா அது தபசு இல்ல, சிக்கனம்" என்றார்.

அந்தச் சொல்லின் பொருள் நம் ஊர்க் கடற்கரைச் சாலையில்தான் எனக்கு விளங்கியது. மாலை 6 மணியானதும் அங்கே தடுப்புகளை வைக்கிறார்கள். மறுநாள் காலை 7.30 மணி வரை வாகனங்கள் செல்வதில்லை. வாகனங்கள் மீது யாருக்கும் பகையில்லை. அவை விட்டுக்கொடுத்த இடத்தில் குழந்தைகள் ஓடுகிறார்கள். முதியவர்கள் காந்தி சிலை வரை அச்சமின்றி நடக்கிறார்கள். கைப்பேசியின் ஓய்வும் இப்படித்தானே இருக்க வேண்டும்? அது விட்டுச்செல்லும் இடத்தில் ஒரு மனிதர் நடந்து வர வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் சாங்கலி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்றொரு சிற்றூர் உண்டு. கொரோனா காலத்தில் பாடத்திற்காகக் கைப்பேசியை எடுத்த பிள்ளைகள், பள்ளி திறந்த பின்னும் அதைக் கீழே வைக்கவில்லை. எனவே 2022 ஆகஸ்டில் ஊர் கூடி முடிவெடுத்தது. மாலை 7 மணிக்குக் கோவிலிலிருந்து சைரன் ஒலித்ததும் கைப்பேசி, தொலைக்காட்சி எல்லாம் நின்றன. 8.30 வரை படிப்பும் பேச்சும்தான். பெற்றோர்களே, சிறியவளின் துணிவைப் பொறுத்தருள்க! அங்கே பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல, பெரியவர்களுக்கும் அதே சட்டம். எங்களிடமிருந்து வாங்கி வைத்துவிட்டு நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த ஓய்வு எங்களுக்குத் தண்டனையாகவே தோன்றும்.

"கணினியே கூடாது என்றால் முன்னேறுவது எப்படி?" என்று சில தோழியர் கேட்கலாம். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குத்திஸ் கணினியில் வல்லவர். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையதளம் அமைத்தவர். அவரே வீடியோ விளையாட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் என்று எல்லை வகுத்துக்கொண்டார். மிலான் நகரில் வீடற்றோருக்கு உணவு கொண்டு சென்றார். 2006 இல் இறந்தபோது அவருக்கு வயது 15. என் வயதுதான்!

இயேசுவும் கூட்டத்தை விட்டுத் தனிமையான இடத்திற்குச் சென்று செபித்தார். ஆனால் அங்கேயே தங்கிவிடவில்லை. மீண்டும் மக்களிடமே வந்தார்.

இப்போது எங்கள் வீட்டில் இரவு 7 மணிக்கு எல்லாக் கைப்பேசிகளும் மாதா சுரூபத்தின் அருகில் உறங்குகின்றன. தவக்காலத்தின் 40 நாட்களில் ஞாயிறு சேராது என்பதால் மாமாவின் அழைப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. சில நாட்கள் என் கை தானாகவே அந்தப் பக்கம் நீள்கிறது; பொய் சொல்ல மாட்டேன். ஆயினும் பாட்டி முற்பகுதியைச் சொல்லி நிறுத்துகிறார். நாங்கள் மூவரும் பதில் சொல்கிறோம்.

தோழியரே, உங்கள் வீட்டிலும் பதிலுக்காகக் காத்திருப்பவர் யார்? அவருக்கு இன்றே ஒன்றரை மணி நேரம் கொடுத்துப் பாருங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி