கிளித்தட்டுக்கு ஒரு வளவு வேண்டும்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளையாடத் தெரியாது, எந்நேரமும் போன்தான் என்று பெரியவர்கள் குறைபடுகிறார்கள். அது பாதி உண்மைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே வீட்டில், அதே போனை வைத்திருக்கும் நானாவும் தம்பியும் அஸர் தொழுததும் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் நிற்பது நாங்கள்தான். ஆகவே பெண்பிள்ளைகளின் விளையாட்டைப் பறித்தது போன் மட்டுமல்ல. நாங்கள் கூடி விளையாட இடம் இல்லாமல் போனதுதான் முதல் காரணம் என்பேன்.

எங்கள் உம்மாமார் விளையாடிய கிளித்தட்டையே எடுத்துக்கொள்வோம். மன்னார்த் தீவில் அதற்குச் செலவே இல்லை. மணலில் காலால் கீறினால் தட்டுகள் தயார். நடுவே நீளமாக ஒரு கோடு, அதை வெட்டிச் செல்லும் குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருத்தி காவல் நிற்பாள். கிளியாக நிற்பவள் நடுக்கோட்டிலும் ஓடி வந்து அடிப்பாள். அவர்களுடைய கை படாமல் கடைசித் தட்டுவரை போய்த் திரும்ப வேண்டும். வேகம் மட்டும் போதாது. ஒருத்தி காவல்காரியை ஏய்க்க, மற்றவள் பாய வேண்டும். தனியே ஒருத்தியால் விளையாட முடியாத விளையாட்டு இது.

இது நடந்த இடம் தெருவல்ல, வளவு. பனையோலை வேலிக்குள் நாலைந்து குடும்பத்துப் பிள்ளைகள் கூடுவார்களாம், குமர்ப்பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்களாம். உம்மம்மாமார் பாய் இழைத்தபடி பார்த்திருப்பார்கள் என்று என் உம்மா சொல்வார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்கள் புத்தளத்தின் வெவ்வேறு முகாம்களுக்குச் சிதறினார்கள். திரும்பி வந்தவர்கள் வீடு கட்டினார்கள். வீட்டுக்கு வீடு மதிலும் கட்டினார்கள். மதிலுக்குள் ஒரு பிள்ளை யாரோடு கிளித்தட்டு விளையாடுவாள்?

வயது வந்த பிள்ளைக்கு என்ன ஓட்டம் என்று சிலர் கேட்கலாம். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்ததையும், முதல் முறை ஆயிஷா (ரழி) அவர்களே முந்தியதையும் ஹதீஸில் படித்திருக்கிறோம். அந்நியர் பார்வை படாத இடம் வேண்டும் என்ற பெற்றோரின் கவலை நியாயமானது. அதற்குத் தீர்வு அப்படியான இடத்தை ஏற்படுத்துவது; விளையாட்டை நிறுத்துவதல்ல.

ஊர் மணலில் விளையாடிய கபடி 1990 இல் ஆசிய விளையாட்டு விழாவில் சேர்ந்தது. பெண்கள் கபடி சேர 2010 வரை, 20 வருடங்கள் சென்றன. கிளித்தட்டுக்கு அவ்வளவு பெரிய மேடை வேண்டாம். எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டியில் ஒரு நிகழ்ச்சியாக அது இருந்தால் போதும்.

பெற்றோரிடம் கேட்பது இன்னும் சிறியது. ஒழுங்கைக்கு ஒரு வளவு. வாரத்தில் இரண்டு நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் படலையைத் திறந்துவிடுங்கள். ரியூஷன் வகுப்புக்கு நேரம் ஒதுக்கும் நாங்கள் இதற்கும் ஒதுக்குவோம். கோடு கீறுவது எப்படி என்பதை உம்மாமாரே வந்து காட்டட்டும். அது தெரிந்தவர்கள் அவர்கள்தான். இப்போது பழகாவிட்டால், நாளை எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்க எங்களுக்கும் தெரியாது.