தேய்ந்த டயரும் தேறிய காலும்

எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரிடமும் நாங்கள் சில செய்திகளைச் சொல்லி அனுப்புகிறோம். எந்த மாத்திரையை எத்தனை நாள் உட்கொள்ள வேண்டும், காலை எப்போது ஊன்றலாம், மறுபடி எக்ஸ்ரே எடுக்க எப்போது வரவேண்டும் என்பன அவை. இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து வந்தவர்களுக்கு இவற்றோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து. மீண்டும் வண்டியை எடுக்குமுன் டயரைப் பாருங்கள் என்பதே அது. இது மருத்துவர் பேசவேண்டிய பொருளா எனச் சிலர் வினவக்கூடும். நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு எங்கள் கடமை முடிவதில்லை. அது மீண்டும் வராமல் காப்பதும் எங்கள் கடமையே.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இவ்விறப்புகளுக்கெல்லாம் டயரே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. வேகம், மது, தலைக்கவசம் அணியாமை, எதிரே வந்த வண்டி என்று காரணங்கள் பல. ஆயினும் விபத்துக்குள்ளாகி வருபவரிடம் இவற்றையெல்லாம் கேட்கும் நாங்கள், டயரைப் பற்றிக் கேட்பதே இல்லை. 'மழையில் வண்டி வழுக்கிவிட்டது' என்று உறவினர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்கிறோம். வழுக்கியது சாலையா, டயரா என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

ஓடும் வண்டியின் ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். வண்டியும் அதில் அமர்ந்திருப்போரும் அந்த இரண்டு உள்ளங்கைகளை நம்பியே செல்கின்றனர். டயரின் மேலுள்ள வரிப்பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. சாலையில் நிற்கும் நீரை அவை வாங்கி ஒதுக்குவதால்தான் ரப்பர் தரையைப் பற்ற முடிகிறது. பள்ளங்கள் தேய்ந்துபோனால் நீர் ஒதுங்க இடமின்றி டயருக்கும் தரைக்கும் இடையே படலமாக நிற்கும். உலர்ந்த சாலையில் மொட்டை டயரும் நன்றாகவே ஓடும் என்பதே இதிலுள்ள பெருந்தீங்கு. மாதக்கணக்கில் ஒன்றும் நேராததால் ஓட்டுபவருக்கு நம்பிக்கை வளர்கிறது. முதல் மழையில், புழுதியும் எண்ணெயும் கரைந்த சாலையில் பிரேக்கை அழுத்தும் கணத்தில் அந்த நம்பிக்கை பொய்த்துவிடுகிறது.

எப்போது மாற்றுவது? இதற்குச் சட்டமே ஓர் அளவு வைத்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இருசக்கர வாகன டயரின் வரிப்பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஏ.டி.எம். அட்டையின் தடிமன் ஏறத்தாழ இவ்வளவே. அளவுகோல் இல்லாதவர்களும் இதைக் கண்டறியலாம். டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு முக்கோணக் குறியோ, 'டி.டபிள்யூ.ஐ.' என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேர் மேலே, பள்ளத்தின் அடியில் ரப்பர் சிறு திட்டாக எழும்பியிருக்கும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அத்திட்டோடு சமமாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. ஆனால் இது கடைசி எல்லை. அதுவரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் நம் பகுதியில், ஐப்பசி பிறக்குமுன் டயர் அவ்வெல்லையை நெருங்கியிருக்குமானால் அப்போதே மாற்றிவிடுவது நன்று.

தேய்மானம் மட்டுமே அளவன்று; வயதும் உண்டு. மருந்து அட்டையில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்க நீங்கள் அறிவீர்கள். டயரில் காலாவதித் தேதி இராது. ஆனால் அது பிறந்த வாரம் பொறிக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வெயிலிலும் காற்றிலும் இறுகிக்கொண்டே வரும். ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுக்கொரு முறை தேர்ந்தவரிடம் காட்டுவதும், பத்து ஆண்டுகள் ஆனதை எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் கழிப்பதும் தக்கவை.

எங்கள் நோயாளிகளுக்கு இது மிகவும் பொருந்தும். கீழ்க்கால் எலும்பு முறிந்தால் அது கூடுவதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். அத்தனை காலமும் வண்டி வாசலில் காற்றிறங்கி, வெயில் மழை பட்டு நிற்கிறது. நின்ற இடத்தில் டயர் நசுங்கி, மடிப்புகளில் மெல்லிய வெடிப்புகள் விடுகின்றன. கால் தேறியவர் மகிழ்ச்சியோடு காற்றை மட்டும் நிரப்பிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார். காலுக்கு எக்ஸ்ரே பார்த்துவிட்டு டயரைப் பாராமல் செல்வது பாதி மருத்துவமே.

வேறு சில அறிகுறிகளையும் கண்ணால் காணலாம். பக்கவாட்டில் புடைப்பு, உள்ளிருக்கும் நூலிழை தெரியும் வெட்டு, அடிக்கடி பஞ்சர் ஆதல், நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாதல் ஆகியவை தென்பட்டால் பழுது பார்ப்பவரிடம் உடனே காட்டுங்கள். பின்டயர் விரைவில் தேயும் என்பதால் எல்லோரும் அதையே பார்ப்பர். முன்டயர் வழுக்கினால் வண்டியை நிமிர்த்த அவகாசமே கிடைக்காது என்பதை நினைவிற்கொண்டு அதையும் பாருங்கள். மொட்டையான டயரில் கருவியால் புதிதாக வரி வெட்டி விற்பதை மட்டும் ஒருபோதும் வாங்காதீர்கள். எஞ்சியிருக்கும் மெல்லிய ரப்பரையும் அறுத்து எடுத்ததே அது.

பணம் எங்கே என்று கேட்பவர்களை நாங்கள் அறிவோம். அன்றாடம் வண்டியை நம்பியே பிழைப்பவருக்கு 2,000 ரூபாய் சிறிய தொகையன்று. இன்னும் ஒரு மாதம் ஓடட்டும் என்று அவர் நினைப்பதை அலட்சியம் என்று சொல்லவும் எங்களுக்கு மனமில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தைக் காண்பவர்கள் நாங்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கிறது. அது பெரும் உதவி. எனினும் இழந்த ஆறு மாதக் கூலியை எத்திட்டமும் திருப்பித் தருவதில்லை. கட்டிலருகே இரவு பகலாக அமர்ந்திருக்கும் மனைவியின் வேலையும், கட்டணம் கட்ட இயலாமல் நிற்கும் பிள்ளையின் படிப்பும் எந்த ரசீதிலும் ஏறுவதில்லை. இவற்றோடு வைத்துப் பார்த்தால் டயரின் விலை குறைவே. இரண்டையும் ஒருசேர மாற்ற இயலாதவர், மிகுதியாகத் தேய்ந்ததை முதலில் மாற்றலாம். அதுவரை மழையில் வண்டியை எடுக்காதிருக்கலாம்.

ஆகவே இம்முடிவை ஓட்டுபவரிடம் மட்டும் விடாதீர்கள் என்று குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம். நாளும் அதே வண்டியில் செல்பவரின் கண்ணுக்குத் தேய்மானம் புலப்படுவதில்லை. மெல்ல ஏறும் இரத்த அழுத்தத்தை உடையவரே உணராததைப் போன்றது அது. பின்னால் அமர்ந்து செல்பவருக்கும் அந்த டயரில் உரிமை உண்டு. மாதத்தில் ஒரு நாள் குறித்து, வண்டி குளிர்ந்திருக்கும் காலை வேளையில் காற்றழுத்தத்தையும் வரிப்பள்ளத்தையும் வீட்டார் பார்க்கலாம். புதிய டயர் மாட்டியபின் முதல் 100 கிலோமீட்டர் நிதானமாகச் செல்லச் சொல்லுங்கள். புது ரப்பரின் மேற்பரப்பு சற்று வழுக்கும்.

நோயாளியைப் பார்க்க இரவும் பகலும் வண்டியில் வந்துபோகும் உறவினர்களுக்கும் இது பொருந்தும். களைப்போடும் கவலையோடும் ஓட்டுபவர்கள் நீங்களே. இன்று வீடு திரும்புமுன் நிறுத்துமிடத்தில் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். இனி மறுபரிசோதனைக்கு வருவோரிடம், மாத்திரை சாப்பிட்டீர்களா என்பதோடு டயரைப் பார்த்தீர்களா என்றும் நாங்கள் கேட்கப்போகிறோம்.