சாம்பல் வட்டமும் செப்புத் தகடும்

மாந்திரீகம்னு சொன்னாலே பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு சினிமாவில் வரும் மண்டை ஓடுதான் ஞாபகம் வரும். எங்க ஊர்ல வட்டம் போட்டுக் காவல் கட்டுறது சாதாரண வேலை. அதை நாங்களே செய்றதும் உண்டு, காசு வாங்கிக்கிட்டு ஒருத்தர் வந்து செய்றதும் உண்டு. ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டி 'மூடநம்பிக்கை'ன்னு வீசுறதும் எனக்கு ஒத்துவராது, 'முன்னோர் விஞ்ஞானம்'னு வாட்ஸ்அப்பில் தூக்கிப் பிடிக்கிறதும் ஒத்துவராது.

எங்க வட்டம் எப்படின்னா, கதிரடிச்சுத் தூற்றி நெல்லைக் களத்துல அம்பாரமா குவிச்சதும், இருட்டுறதுக்குள்ள அதைச் சுத்திச் சாம்பலால் ஒரு வட்டம். சாணியைத் தண்ணியில கரைச்சு அம்பாரத்து மேல குறுக்கும் நெடுக்குமா கோடு. உச்சியில ஒரு கொத்து வேப்பிலை, பக்கத்துல கதிரறுவாள். பேய் பிசாசு பொலியைத் தொடக் கூடாதுன்னு பெரியவங்க சொல்வாங்க. ராத்திரி எவனாவது நாலு மரக்கால் அள்ளினாலும், காலையில கலைஞ்ச கோடு காட்டிக்கொடுத்துடும். அளக்கும்போதும் முதல் மரக்காலை 'ஒண்ணு'ன்னு எண்ண மாட்டோம், 'லாபம்'னுதான் எண்ணுவோம். இதுல யார் மேலயும் பழி கிடையாது. செலவும் அடுப்புச் சாம்பல்தான்.

இப்போ மெஷின் அறுவடை, களமே கிடையாது. ஆனாலும் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே நாள்கணக்குல கிடக்கிற குவியலுக்கு நான் சாம்பல் போட்டுட்டுத்தான் வர்றேன். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா எந்த வட்டமும் காப்பாத்தாது, அது வேற விஷயம்.

செப்புத் தகடு சங்கதி அப்படி இல்லீங்க. அறுகோணம், கட்டம், கட்டத்துக்குள்ள எழுத்துன்னு கீறி, வாசப்படியில புதைக்கச் சொல்வார். தகட்டால கெடுதல் ஒண்ணும் இல்லை. அதுக்கு முன்னாடி மாவுல சக்கரம் வரைஞ்சுட்டு ஒரு வார்த்தை விடுவார் பாருங்க, 'உங்களுக்கு வேண்டப்பட்டவங்கதான் செஞ்சிருக்காங்க'ன்னு, அதுதான் கெடுதல். பேரைச் சொல்ல மாட்டார். அதை நாமே போட்டுக்குவோம்.

எங்க பக்கத்துத் தோட்டத்துல ஒரு கறவை மாடு. காலையில நல்லா மேஞ்சது, கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்கி, துடிச்சு விழுந்து செத்துப்போச்சு. மேஞ்சது தண்ணியில்லாம வாடின இளஞ்சோளம். அதுல சயனைடு விஷம் ஏறியிருக்கும், வயித்துக்குள்ள போனா மாடு நிமிஷத்துல விழுந்துடும். பார்க்கிறவங்களுக்கு ஏவல்னுதான் தோணும். அவங்களும் மாவுச் சக்கரத்துக்கு முன்னாடி போய் உட்கார்ந்தாங்க. வேண்டப்பட்டவங்கன்னதும் பங்காளி ஞாபகம் வந்துடுச்சு. ரெண்டு வீட்டுக்கும் பங்குக் கிணறு, ஒரே மோட்டார். மறுவாரமே முறைத் தண்ணி நின்னுபோச்சு. கிணத்துல தண்ணி கிடக்க, ரெண்டு வீட்டு வயலும் அந்தப் போகம் தரிசாக் கிடந்துச்சு. பிள்ளைங்க ஒரே பஸ்ல ஸ்கூலுக்குப் போகுதுங்க, பேசிக்கிறது இல்லை. மாட்டு விலையைவிட இது பல மடங்கு நஷ்டம்.

மகாராஷ்டிராவில் 2013-லயும் கர்நாடகாவில் 2017-லயும் இந்தத் தொழிலைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டாங்க. நல்லதுதான். ஆனா பங்காளி மேல ஏற்கனவே வரப்புத் தகராறுல வந்த கசப்பு இருக்கே, அதைத்தான் அவர் தொட்டுவிட்டுப் போறார். அந்த இடத்துல சட்டம் என்ன செய்யும்னு எனக்குப் புரியலை.

ஊர்ல உங்களுக்கும் அப்பா அம்மா, மாடு கன்னு இருக்கும். மாடு திடீர்னு விழுந்தா 1962-க்கு போன் போடச் சொல்லுங்க. சோள விஷத்துக்கு ஊசி உண்டு, உடனே போட்டா பிழைக்க வாய்ப்பிருக்கு. என்ன மேஞ்சதுன்னும் மறக்காம டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க.