பரந்தனின் பெயரில் வந்திறங்கும் குளோரின்

2009இல் மனிக்பாம் முகாமில் இருந்தவர்களுக்குக் குளோரினை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பவுசர் வந்து தாங்கியை நிரப்பியதும் வாளியிலிருந்து எழும் அந்த மணம் இன்னும் நினைவிருக்கும். "மருந்துத் தண்ணி" என்று என் அம்மா குடிக்க மறுப்பார். ஆனால் அத்தனை சனம் நெருக்கியடித்துக் கிடந்த இடத்தில் வாந்திபேதிக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றது பெரும்பாலும் அந்த மருந்துதான்.

அதே மருந்தை ஒருகாலத்தில் நாங்களே செய்தோம். 1950களில் அரசு நிறுவிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் பக்கத்து ஆனையிறவு உப்பு. உப்புக் கரைசலில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் ஒரு முனையில் குளோரின் வாயு வரும். மறுமுனையில் ஐதரசனும் எரிசோடாவும் கிடைக்கும். 1985இல் போர் அதை மூடியது. நிறுவனத்தின் பெயர் மட்டும் சாகவில்லை. பரந்தன் கெமிக்கல்ஸ் என்ற அதே பெயரில், வெளிநாட்டிலிருந்து திரவக் குளோரினை இறக்குமதி செய்து குடிநீர் வழங்கலுக்கு விற்கிறார்கள்.

தொழிற்சாலையை மீண்டும் தொடங்கும் பேச்சு பல தடவை வந்துவிட்டது. 2025இல் ஆனையிறவு உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது உப்பின் பெயர் பற்றிப் பெரிதாக வாதிட்டோம். அந்த வாதம் தேவையானதுதான். பரந்தன் பற்றி அதில் ஒரு பங்குகூடப் பேசவில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு தொன் குளோரினுக்கு ஏறத்தாழ 1.7 தொன் உப்பும் 2,500 அலகுக்குக் குறையாத மின்சாரமும் வேண்டும். கூடவே 1.1 தொன் எரிசோடா வந்தே தீரும். குளோரினை மட்டும் தனியே செய்ய முடியாது. எனவே எரிசோடாவை வாங்க சவர்க்காரம், கடதாசி, துணி ஆலைகள் வேண்டும். காங்கேசன்துறை சீமெந்து, வாழைச்சேனை கடதாசி, பரந்தன் என்று ஒருகாலம் வரிசையாகச் சொன்னோமே, அவை ஒன்றுக்கொன்று ஆதாரமாக இருக்கக்கூடிய தொழில்கள். மின்கட்டணத்தையும் எரிசோடாச் சந்தையையும் சொல்லாமல் "வேலைவாய்ப்பு" என்று மட்டும் சொல்லும் அரசியல்வாதியை நான் நம்பத் தயாரில்லை.

குளோரின் எல்லாத் தண்ணீரையும் திருத்தும் என்றும் நினைக்கக் கூடாது. லீற்றருக்கு அரை மில்லிகிராம் எஞ்சி நின்றால் கிருமி சாகும். பசளையால் யாழ்ப்பாணக் கிணறுகளில் சேர்ந்த நைத்திரேற்றை அது தொடாது. சுன்னாகத்துக் கிணறுகளில் கலந்த எண்ணெயையும் அகற்றாது.

எனக்குள்ள பெரிய பயம் வேறு. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் நிலத்தோடு தவழும், பள்ளத்தில் தேங்கும். 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ரில் ஜேர்மன் படை அதை ஆயுதமாகப் பயன்படுத்தியது அதனால்தான். பரந்தனில் இப்போது வீடுகளும் பள்ளிக்கூடங்களும் உள்ளன. கட்டுவதற்கு முன்பே ஊர்ச் சனத்துக்குச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன: வேலியிலிருந்து முதல் வீடு எத்தனை மீற்றர், சோளகம் எந்தப் பக்கம் வீசும், அபாயச் சங்கு ஊதினால் எந்த வீதியால் ஓடுவது. இரசம் பயன்படுத்தும் பழைய கலமுறை வேண்டாம், மென்சவ்வுக் கலம்தான் என்று எழுத்தில் வர வேண்டும். பழைய வளவின் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் முதலில் பரிசோதித்து, முடிவைத் தமிழில் பிரதேச செயலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.