மார்கழிப் பனியும் மண்ணெண்ணெய்க் கார்களும்

கூரை திறந்த பழைய காரைக் கடுங்குளிரில் ஓட்டுவது மேலைநாட்டவர்க்கு ஒரு பொழுதுபோக்கு. மொறிஸ் மைனரிலும் அத்தகைய வகை உண்டு. யாழ்ப்பாணத்திலோ, மார்கழிப் பனியில் பழைய காரை இயக்குவது ஒரு காலத்தில் உயிர் காக்கும் வேலையாக இருந்தது.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தது, பெற்றோல் அரும்பொருளாயிற்று. அப்போது கைகொடுத்தவை 1950களின் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள். அவற்றின் இயந்திரங்களில் அழுத்த விகிதம் குறைவு. ஆதலால் மண்ணெண்ணெயையும் சகித்துக்கொண்டன. ஆனால் குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பனி விழும் விடியலில் அத்துளிகள் போதாமற் போவதுண்டு. பின்னிருக்கையில் பிரசவ வேதனையில் ஒரு பெண் இருக்க, சாரதி முன்னால் நின்று ஹான்டிலைச் சுழற்றிக்கொண்டிருப்பார். புகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

இன்று அக்கார்களைத் துலக்கித் திருமண ஊர்வலத்துக்கு விடுகிறார்கள். விடட்டும். ஆனால் காரைக் காப்பாற்றுகிறவர்கள், அதை ஓடவைத்த கைகளை மறந்துவிடுகிறார்களே என்பதுதான் என் குறை. அந்த மெக்கானிக்குகளில் பலர் முதுமையடைந்துவிட்டனர். யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் கிளிநொச்சியில் இயங்குகிறது. அதன் மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் செல்லவேண்டும். மார்கழி விடியலில் எத்தனை துளி விட்டீர்கள், எப்போது மாற்றினீர்கள் என்று கேட்கவேண்டும்; அடுத்த மார்கழிக்கு முன்பே.